500 பேர் ஹாலும் ஒரு சின்ன அறையும்

அமெரிக்காவின் பெரிய அரசுப் பல்கலைக்கழகங்களைப் பற்றி நம் வீடுகளில் பேச்சு வந்தால் ரேங்க் என்ன, ஃபீஸ் எவ்வளவு, படித்து முடித்தால் எந்தக் கம்பெனியில் எடுப்பார்கள் என்ற மூன்றைச் சுற்றித்தான் போகும். பிள்ளை அங்கே முதல் வருடம் யாருடன் உட்கார்ந்து படிக்கும், பாடம் புரியாவிட்டால் யாரிடம் கேட்கும், முதல் தேர்வில் மார்க் சரிந்தால் அது யார் கண்ணில் படும் என்று யாரும் விசாரிப்பதில்லை. நான்கு வருடத்தில் பட்டம் கைக்கு வருமா, வராதா என்பதில் ரேங்க்கைவிட இந்தக் கேள்விகளுக்குத்தான் பங்கு அதிகம் என்று நினைக்கிறேன். இந்த மாதிரி இடங்களில் சேரும் மாணவர்கள் தடுமாறினால் அதற்கு அறிவுக் குறைவைக் காரணம் சொல்வது வழக்கம்; இல்லாவிட்டால் இடம் ரொம்பப் பெரிது என்பார்கள். இரண்டும் பாதி உண்மைகூட இல்லை. அவ்வளவு பெரிய கூட்டத்துக்குள், கடினமான வேலையைச் சேர்ந்து செய்ய ஒரு சின்னக் குழு அமையாமல் போவதுதான் பெரும்பாலும் பிரச்சினை. அந்தக் குழுவை மாணவர்களே தேடிக்கொள்ளட்டும் என்று விடாமல், டைம்டேபிளிலேயே அமைத்துத் தருவது பல்கலைக்கழகத்தின் கடமை. இதற்கு ஆதாரம் இருக்கிறது. அதில் பெரும்பகுதி ஒரே ஊரிலிருந்து வருகிறது என்பதால், டெக்சாஸ் மாநிலத் தலைநகர் ஆஸ்டினில் இருக்கும் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தையே எடுத்துக்கொள்கிறேன்.

1883இல் திறக்கப்பட்ட இந்தப் பல்கலைக்கழகத்தில் இன்று 50,000க்கும் மேற்பட்டோர் படிக்கிறார்கள். வளாகத்தின் நடுவில் 307 அடி உயரக் கோபுரம். ஜெஸ்டர் என்ற ஒரே ஹாஸ்டலில் சுமார் 3,000 பேர் தங்குகிறார்கள். நம் பக்கத்தில் ஒரு நடுத்தரக் கிராமத்தின் மக்கள்தொகை அது. அமெரிக்கக் கால்பந்து ஸ்டேடியத்தில் ஒரு லட்சம் பேர் உட்காரலாம். பணத்துக்கு ஆதாரமும் பெரிது. மேற்கு டெக்சாஸில் பல்கலைக்கழகங்களுக்கென்று 19ஆம் நூற்றாண்டில் ஒதுக்கிவைத்த வறண்ட நிலத்தில், 1923இல் சான்டா ரீட்டா என்ற கிணற்றில் எண்ணெய் கிளம்பியது. அந்த வருமானம் சேர்ந்த நிரந்தர நிதியிலிருந்து ஒரு பங்கு இன்றும் ஆஸ்டினுக்கு வருகிறது. அங்கே கற்பிக்கும் பேராசிரியர்கள் முதலில் ஆய்வாளர்கள். வேலை நிரந்தரமாவதும் பதவி உயர்வும் பெரும்பாலும் ஆய்வைப் பொறுத்தவை. முதல் வருட மாணவர்களை எப்படி நடத்துகிறார்கள் என்பது அந்தக் கணக்கில் ரொம்பப் பின்னால் வரும். இதை யாரையும் குறை சொல்ல எழுதவில்லை. ஆய்வுப் பல்கலைக்கழகம் என்ற அமைப்பு அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது, அமெரிக்கா முழுவதும்.

முதல் செமஸ்டர் வேதியியல் வகுப்பைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். சரிந்து இறங்கும் ஹாலில் 500 இருக்கைகள். கீழே மேடையில் பேராசிரியர், பின்னால் பெரிய திரை. 50 நிமிடமோ 75 நிமிடமோ பாடம் நடக்கும். நடுவில் ஒரு கேள்வி திரையில் வரும், எல்லோரும் போனில் பதிலை அழுத்துவார்கள். வீட்டுப்பாடம் கணினியில், திருத்துவதும் கணினி. தேர்வு பெரும்பாலும் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வகை. சந்தேகம் கேட்க ஆபீஸ் அவர்ஸ் என்று வாரத்தில் சில மணிநேரம் உண்டு. ஆனால் மாணவர்களில் பலர் அந்தப் பக்கமே போவதில்லை. பேராசிரியரின் அறைக்குப் போனால் முட்டாள் கேள்வி கேட்டதாக ஆகிவிடுமோ என்ற பயம். அதற்கு அடுத்தபடி மாணவர்கள் முகம் பார்த்துப் பேசும் ஆள் டி.ஏ. எனப்படும் டீச்சிங் அசிஸ்டென்ட். அவர் முனைவர் பட்டத்துக்கோ முதுகலைக்கோ படிக்கும் இன்னொரு மாணவர். சென்னையிலும் கோவையிலும் பொறியியல் முடித்துவிட்டுப் போன நம் பிள்ளைகள் பலர் அங்கே இந்த வேலையைச் செய்கிறார்கள். தனக்கே அந்த ஊர் புதிது, அதற்குள் முன்னால் 25 பேர். இவர்கள் தோளில் எவ்வளவு பாரம் இருக்கிறது என்பது 2022இல் கலிபோர்னியாவில் தெரிந்தது. அந்த மாநிலப் பல்கலைக்கழகத்தின் 10 வளாகங்களிலும் சுமார் 48,000 கல்விப் பணியாளர்கள் நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் கடைசி வரை ஊதியம் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். பேராசிரியர்கள் இருந்தும் கலந்துரையாடல் வகுப்புகள் நின்றன, பல பாடங்களில் விடைத்தாள் திருத்த ஆளில்லாமல் மதிப்பெண் தாமதமாயிற்று. இளநிலை மாணவர்களின் அன்றாடக் கல்வி யார் கையில் இருக்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இந்த ஹாலில் யார் வந்து உட்காருகிறார்கள் என்பதும் முக்கியம். 1996இல் ஹாப்வுட் வழக்கில், இனத்தைக் கணக்கில் எடுத்து மாணவர்களைச் சேர்க்கக் கூடாது என்று கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கு விடையாக 1997இல் டெக்சாஸ் சட்டமன்றம் ஒரு சட்டம் கொண்டுவந்தது: மாநிலத்தின் எந்த உயர்நிலைப் பள்ளியாக இருந்தாலும் அதில் முதல் 10 சதவீதத்துக்குள் வருகிறவர்களுக்கு அரசுப் பல்கலைக்கழகத்தில் தானாக இடம். அதற்கு முன்பு ஆஸ்டினின் முதல் வருட வகுப்பில் பாதிப் பேர் ஏறக்குறைய 60 பள்ளிகளிலிருந்து மட்டும் வந்தார்கள். டாலஸ், ஹூஸ்டன் புறநகர்களின் வசதியான பள்ளிகள் பெரும்பாலும். சட்டம் வந்த பிறகு மெக்சிகோ எல்லையோர ரியோ கிராண்டே பள்ளத்தாக்கிலிருந்தும், பெயரே கேள்விப்படாத பண்ணை ஊர்களிலிருந்தும் பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். பிற்பாடு ஆஸ்டினுக்கு மட்டும் அந்த சதவீதத்தைக் குறைத்துவிட்டார்கள் என்றாலும் அடிப்படை மாறவில்லை. பள்ளியில் முதல் மாணவியாக இருந்த ஒரு பெண் இங்கே வருகிறாள். அவள் பள்ளியில் கால்குலஸ் சொல்லித்தர ஆளே இருந்திருக்காது. பக்கத்து இருக்கையில் இருப்பவன் அதை இரண்டு வருடம் முன்பே முடித்தவன். முதல் மிட்டெர்மில் 52 வாங்கினால் அவள் எடுக்கும் முடிவு என்ன? நான் இந்த இடத்துக்கு உரியவள் இல்லை என்பதுதான். பள்ளி நடத்தாத பாடத்தின் கணக்கைத் தன் மூளையின் கணக்கில் எழுதிக்கொள்கிறாள். அவளுக்கு மறுத்துச் சொல்ல அந்த 500 பேரில் ஒருவருக்கும் அவளைத் தெரியாது.

ஆஸ்டினில் வேதியியல் நடத்திய டேவிட் லாட் இதைத் தன் மதிப்பெண் பட்டியலிலேயே கவனித்தார். ஒவ்வொரு வருடமும் அவருடைய 500 பேர் வகுப்பில் ஒரு பகுதி தேறாமல் போனது. அவர்களின் பின்புலத்தைத் திறந்து பார்த்தால் குறைந்த வருமானம், பட்டம் வாங்காத பெற்றோர், எஸ்.ஏ.டி. நுழைவுத் தேர்வில் குறைந்த மதிப்பெண் என்று ஒரே சாயல். 1999இல் அவர் அப்படிப்பட்ட 50 பேரைத் தேர்ந்தெடுத்துத் தனிப் பிரிவாக்கினார். மற்றவர்களைவிட இவர்களின் எஸ்.ஏ.டி. சராசரி 200 புள்ளி குறைவு. இந்த மாதிரிச் சமயத்தில் வழக்கமாகச் செய்வது பாடத்தை எளிதாக்குவது. லாட் அதைச் செய்யவில்லை. பெரிய ஹாலில் நடத்திய அதே பாடத்தை அதே கடினத்தோடு நடத்தினார், அதே தேர்வை வைத்தார். சேர்த்தது மூன்று விஷயம்: வாரத்தில் இரண்டு மணிநேரம் கூடுதல் வகுப்பு, விசாரிக்க ஆலோசகர்கள், வழிகாட்ட மூத்த மாணவர்கள். செமஸ்டர் முடிவில் இந்த 50 பேரும் பெரிய வகுப்பின் அதே மதிப்பெண்களை எடுத்தார்கள். பிறகு பட்டம் முடித்த விகிதத்திலும் பல்கலைக்கழகச் சராசரியைத் தாண்டினார்கள். தேறமாட்டார்கள் என்று புள்ளிவிவரம் சொன்ன பிள்ளைகள் இவர்கள். அவர்களுக்குள் எதுவும் மாறவில்லை, அவர்கள் உட்கார்ந்த அறை மாறியது.

இதற்கு இருபது வருடம் முன்பே கலிபோர்னியாவின் பெர்க்லியில் யூரி ட்ரைஸ்மேன் இதையே வேறொரு வழியில் கண்டுபிடித்திருந்தார். அங்கே கால்குலஸில் கறுப்பின மாணவர்கள் பெருமளவில் தேறாமல் போனார்கள். ஏன் என்று கேட்டால் ஆசிரியர்களிடம் விடைகள் தயாராக இருந்தன: ஊக்கம் இல்லை, அடித்தளம் சரியில்லை, வீட்டில் ஆதரவில்லை. ட்ரைஸ்மேன் 20 கறுப்பின மாணவர்களையும் 20 சீன அமெரிக்க மாணவர்களையும் எடுத்துக்கொண்டு, அவர்கள் படிக்கும் இடத்துக்கே போய் மாதக்கணக்கில் கூடவே இருந்து பார்த்தார். ஆசிரியர்கள் சொன்ன காரணம் ஒவ்வொன்றும் உதிர்ந்தது. கறுப்பின மாணவர்கள் வகுப்பைத் தவறவிடுவதில்லை, வீட்டுப்பாடத்தைத் தவறாமல் செய்தார்கள், சொன்ன நேரம் உட்கார்ந்து படித்தார்கள். ஆனால் தனியாகப் படித்தார்கள். நண்பர்கள் வேறு, படிப்பு வேறு என்று பிரித்து வைத்திருந்தார்கள். பள்ளியில் அந்த ஒழுக்கம்தான் அவர்களைக் கரைசேர்த்தது. சீன மாணவர்களும் முதலில் தனியாகவே படித்தார்கள், ஆனால் சாயங்காலம் கூடினார்கள். ஒருவர் விடையை இன்னொருவர் சரிபார்ப்பார், பழைய வினாத்தாளைப் போட்டுப் பார்ப்பார்கள், ஒரு கணக்கு ஒருவருக்கும் வரவில்லையென்றால் அது கணக்கின் கடினம் என்று தெரிந்துகொள்வார்கள். தனியாக உட்கார்ந்தவருக்கு அந்தத் தகவல் கிடைக்க வழியே இல்லை. அவர் அதைத் தன் குறை என்றே எடுத்துக்கொள்வார். எனக்கு இந்த ஆய்வில் மிகவும் கனமாகத் தெரிவது இந்த ஒரு நுணுக்கம்தான்.

பிறகு ட்ரைஸ்மேன் ஒரு பயிற்சிப் பட்டறை தொடங்கினார். துணை வகுப்பு என்றோ பின்தங்கியவர்களுக்கானது என்றோ அதற்குப் பெயர் வைக்கவில்லை; திறமையுள்ளவர்களுக்கான சிறப்பு வகுப்பாகவே அழைப்பு போனது. வகுப்பில் கொடுப்பதைவிடக் கடினமான கணக்குகளைத் தாளில் அச்சடித்துக் கொடுத்துவிட்டு, சேர்ந்து போட்டுப் பார்க்கச் சொன்னார். அதில் கலந்துகொண்ட கறுப்பின, லத்தீன் அமெரிக்க மாணவர்கள் தங்கள் சக சமூகத்தவரை மட்டுமின்றி, வகுப்பிலிருந்த வெள்ளை, ஆசிய மாணவர்களையும் தாண்டி மதிப்பெண் எடுத்தார்கள். 1988இல் ஆஸ்டினின் கணிதத் துறை அதே மாதிரித் திட்டத்தை எடுத்துக்கொண்டது. சில வருடங்களில் ட்ரைஸ்மேனே ஆஸ்டினுக்கு வந்துவிட்டார். லாட் செய்ததையும் இவர் செய்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் பிடிபடுகிறது. சின்ன அறை வேலை செய்ததற்குக் காரணம் அங்கே அன்பு கிடைத்தது என்பது மட்டுமில்லை. அங்கே கடினமான வேலை கிடைத்தது, அந்த வேலையை உன்னால் செய்ய முடியும் என்ற எதிர்பார்ப்பும் கூடவே கிடைத்தது. எளிமைப்படுத்திய பாடத்தோடு ஒரு சின்ன அறையைக் கொடுத்தால் அது மாணவர்களுக்கு நேர் எதிரான செய்தியைத்தான் சொல்லும். நம் ஊர்க் கல்லூரிகளில் "ஸ்லோ லேர்னர்" என்று பட்டியல் போட்டு, சாயங்காலம் தனியாக உட்காரவைக்கும் வழக்கம் ஏன் பலன் தருவதில்லை என்பதற்கும் காரணம் இதுதான் என்பேன்.

ஆய்வுப் பல்கலைக்கழகம் என்பதால் மட்டுமே தரக்கூடிய ஒரு சின்ன அறையும் உண்டு. 1998இல் பாயர் கமிஷன் என்ற குழு, ஆய்வுப் பல்கலைக்கழகங்கள் இளநிலை மாணவர்களிடம் கட்டணம் வாங்கிக்கொண்டு ஆய்வின் பக்கமே விடுவதில்லை என்று கடுமையாக எழுதியது. முதல் வருடத்திலிருந்தே ஆய்வோடு சேர்த்துப் படிப்பைக் கட்டச் சொன்னது. ஆஸ்டினின் இயற்கை அறிவியல் கல்லூரி 2005இல் அதைப் பெரிய அளவில் செய்ய ஆரம்பித்தது. ஃப்ரெஷ்மன் ரிசர்ச் இனிஷியேட்டிவ் என்று பெயர். முதல் வருட மாணவர்கள் ஒரு ஆய்வுக் குழுவில் சேர்ந்து, மூன்று செமஸ்டர் நிஜமான ஆய்வு செய்வார்கள். வெள்ளைக் குள்ள நட்சத்திரங்களைப் பார்க்கும் குழு உண்டு, தானே நடமாடும் ரோபோக்களுக்கு ஒரு குழு உண்டு. ஆப்டமர் குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சின்னக் குழாயில் ஒன்றுபோல் ஒன்று இல்லாத கோடானுகோடி நியூக்ளிக் அமிலத் துணுக்குகள் இருக்கும். அதில் ஒரு புரதத்தைச் சேர்த்து, ஒட்டாததையெல்லாம் கழுவிவிட்டு, ஒட்டிக்கொண்டதை மட்டும் எடுத்து, பி.சி.ஆர். இயந்திரத்தில் பெருக்கி, திரும்பவும் முதலிலிருந்து. சுற்றுச்சுற்றாக இப்படிப் போய், அந்தப் புரதத்தை மட்டும் இறுகப் பிடிக்கும் துணுக்கைத் தேடுகிறார்கள்; அதுதான் ஆப்டமர். முடிவைச் சோதிக்கும் ஜெல்லில் கோடு வரவேண்டிய இடத்தில் வராது. எங்கே தப்பு, பைப்பெட்டில் அளவு பிசகியதா, கழுவும் கரைசலில் உப்பு கூடிப்போயிற்றா என்று பக்கத்து மேஜைக்காரியோடு சேர்ந்து பின்னோக்கிப் போய்த் தேட வேண்டும். 18 வயதில் இதைச் செய்தவர்களுக்கு ஒன்று தெரிந்துவிடுகிறது: சரியாக வராமல் போவது இந்த வேலையில் அன்றாடம், பிஎச்.டி. முடித்தவருக்கும் அப்படித்தான்.

இந்தத் திட்டத்தைப் பற்றி 2016இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், மூன்று செமஸ்டரையும் முடித்தவர்களை அவர்களைப் போன்ற பின்புலமுள்ள மற்ற மாணவர்களோடு ஒப்பிட்டார்கள். ஆறு வருடத்துக்குள் பட்டம் முடிக்கும் வாய்ப்பு 66 சதவீதத்திலிருந்து 83 ஆகக் கூடியிருந்தது. பட்டம் முடித்தவர்களில், அறிவியல், பொறியியல், கணிதத் துறையிலேயே நிலைத்து அதை வாங்கியிருக்கும் வாய்ப்பு 71இலிருந்து 94. இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். மூன்று செமஸ்டர் விடாமல் லேபுக்குப் போகிறவர் இயல்பிலேயே பிடிவாதக்காரராக இருப்பார், திட்டம் இல்லாவிட்டாலும் தேறியிருப்பார் என்று சொல்லலாம். மதிப்பெண், பின்புலம் எல்லாவற்றையும் இணைசேர்த்து ஒப்பிட்டாலும் பிடிவாதத்தை அளக்கக் கருவி கிடையாது; ஆகவே அந்த இடைவெளி முழுவதையும் திட்டத்தின் கணக்கில் எழுத நான் தயாரில்லை. ஆனால் லாட் எடுத்த 50 பேரும் பிடிவாதத்துக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இல்லை. தோற்பார்கள் என்ற கணிப்பின் பேரில் எடுக்கப்பட்டவர்கள். ட்ரைஸ்மேனின் பட்டறையில் அந்த வகுப்பின் கறுப்பின, லத்தீன் அமெரிக்க மாணவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். அதைப் பொறுக்கியெடுத்த சிறுகூட்டம் என்று சொல்ல முடியாது. வெவ்வேறு காலம், வெவ்வேறு பாடம், வெவ்வேறு ஆட்கள், ஆனால் விளைவு ஒரே பக்கம் சாய்கிறது.

பெரிய ஆட்சேபம் இன்னொன்று. கல்லூரிக்கு வருகிறவர்கள் வயதுக்கு வந்தவர்கள், தானாகத் தட்டித் திறந்து உள்ளே போகக் கற்றுக்கொள்வதுதானே பெரிய பல்கலைக்கழகம் தரும் படிப்பு, கையைப் பிடித்து நடத்தினால் அது எப்படி வரும் என்பார்கள். இதைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள், அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. ஆனால் எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்பது பட்டதாரி வீட்டுப் பிள்ளைக்கு முன்கூட்டியே தெரியும். ஆபீஸ் அவர்ஸுக்குப் போனால் தப்பில்லை என்று அம்மாவோ அக்காவோ சொல்லியிருப்பார்கள். ஆய்வில் சேரப் பேராசிரியருக்கு ஒரு மெயில் போட்டால் போதும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். இன்னொரு பிள்ளைக்கு அப்படி ஒரு கதவு இருப்பதே தெரியாது. தெரிந்த தகவலின் பலனைத் தன்முனைப்பு என்று பெயர் சூட்டிப் பாராட்டுவதில் நியாயம் இல்லை. 2012இல் ஆஸ்டினில் டேவிட் யேகரும் ஸ்டான்ஃபோர்டின் கிரெகரி வால்டனும் முதல் வருட மாணவர்கள் எல்லோரையும் வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். கல்லூரி திறப்பதற்கு முன்பு, இணையத்தில் முக்கால் மணிநேரத்துக்குள் முடியும் ஒரு பயிற்சி. முதலில் எல்லோருக்கும் அந்நியமாகத்தான் இருக்கும், போகப்போகச் சரியாகும் என்று மூத்த மாணவர்கள் சொன்னதைப் படித்துவிட்டு அதைப் பற்றி எழுத வேண்டும். முதல் செமஸ்டரில் 12 கிரெடிட் முடித்தவர்கள் வசதியான பின்புல மாணவர்களில் 90 சதவீதம், மற்றவர்களில் 82. பயிற்சி பெற்ற மற்றவர்களில் அது 86 ஆனது. இடைவெளியில் பாதி ஒரு செய்தியாலேயே அடைபட்டது. ஆளுக்குத் தெம்பு இல்லை என்பது காரணமாக இருந்தால் இது நடந்திருக்குமா?

இதை வைத்து, அப்படியானால் நல்ல வார்த்தை நாலு சொன்னால் போதுமே, அறையும் ஆளும் எதற்கு என்று செலவுக்கு அஞ்சும் நிர்வாகிகள் கேட்கக்கூடும். அதற்கும் விடை வந்துவிட்டது. 2023இல் சயன்ஸ் இதழில் வெளியான பெரிய ஆய்வு, 22 கல்லூரிகளில் ஏறக்குறைய 27,000 மாணவர்களிடம் இந்த மாதிரிப் பயிற்சியைச் சோதித்தது. மாணவர்கள் ஒட்டிக்கொள்ள உண்மையிலேயே வாய்ப்பிருந்த கல்லூரிகளில்தான் அது பலன் தந்தது. இல்லாத இடத்தில் வார்த்தை வார்த்தையாகவே நின்றுவிட்டது. நீயும் இங்கே ஒருத்தி என்று சொல்லிவிட்டு, அவள் போய் உட்கார ஒரு இடம் தராவிட்டால் அந்த வாக்கு செப்டம்பர் மாதத்திலேயே பொய்த்துவிடும். டெக்சாஸில் இந்த விஷயம் இப்போது ரொம்பக் கூர்மையாகியிருக்கிறது. 2024 ஜனவரியில் அமலுக்கு வந்த மாநிலச் சட்டம், பன்முகத்தன்மை, சமத்துவம் சார்ந்த அலுவலகங்களை அரசுப் பல்கலைக்கழகங்களில் தடைசெய்தது. ஆஸ்டினில் பல மாணவர் குழுக்கள் கூடிவந்த பல்பண்பாட்டு மையம் மூடப்பட்டது. அந்தச் சட்டத்தை ஆதரிப்பவர்கள் எல்லோரையும் ஒன்றாக நடத்த வேண்டும் என்கிறார்கள். சரி, அப்படியே எடுத்துக்கொள்வோம். அப்போதும் முதல் வருடத்தில் எல்லோருக்கும் ஒரு சின்னக் குழு என்பதை அவர்களால் மறுக்க முடியாது. மூடப்பட்ட அறைக்கு ஈடாக அப்படி ஒன்றைத் திறக்காமல் விட்டால், நஷ்டம் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குத்தான்.

பேசாமல் சின்னக் கல்லூரியாகப் பார்த்துச் சேர்க்கலாமே, இல்லை இந்த இடத்தையே பாதியாகச் சுருக்கலாமே என்று கேட்கலாம். அமெரிக்காவில் 2,000 பேர் மட்டும் படிக்கும் நல்ல தனியார் கல்லூரிகள் உண்டு, அங்கே பேராசிரியருக்கு ஒவ்வொருவர் பெயரும் தெரியும். அவற்றின் கட்டணமும் பெரும்பாலான குடும்பங்களின் கைக்கு எட்டாதது, இடங்களும் கொஞ்சம். ஆஸ்டினோ குறைந்த வருமானக் குடும்பத்து டெக்சாஸ் பிள்ளைகளுக்கு 2020 முதல் கல்விக் கட்டணத்தை முழுவதுமாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. முதலில் ஆண்டு வருமானம் 65,000 டாலர் வரை என்று வைத்த வரம்பைப் பிறகு உயர்த்தவும் செய்தது. இடத்தைப் பாதியாக்கினால் முதலில் வெளியே நிற்கப்போவது எல்லையோர ஊரிலிருந்து வந்த அந்தப் பெண்தான், டாலஸ் புறநகர்ப் பையன் எப்படியும் உள்ளே வந்துவிடுவான். அரசுப் பல்கலைக்கழகம் பெரிதாகத்தான் இருக்க வேண்டும். பெரிதாக இருப்பதால்தான் அங்கே பல ஆய்வுக் குழுக்கள் வைக்க முடியும், ஆப்டமருக்கும் நட்சத்திரத்துக்கும் ஒரே வளாகத்தில் இடம் கொடுக்க முடியும்.

செலவைப் பற்றிப் பேசாமல் இதை முடிக்க முடியாது. ஆய்வுத் திட்டம் தொடங்கும்போது தேசிய அறிவியல் அறக்கட்டளையும் ஹோவர்ட் ஹியூஸ் மருத்துவ நிறுவனமும் பணம் கொடுத்தன. ஒவ்வொரு குழுவையும் அன்றாடம் நடத்துவது பேராசிரியர் இல்லை, அதற்கென்றே நியமிக்கப்பட்ட முனைவர் பட்டதாரி ஒருவர். பேராசிரியரின் ஆய்வு நேரம் அப்படியே இருக்கிறது, கூடுதலாகப் பல கைகள் அவர் ஆய்வுக்கு உதவுகின்றன. ஆகவே ஆய்வின் நேரத்தைக் கற்பித்தல் தின்றுவிடும் என்ற வாதம் இங்கே நிற்காது. மிச்சமிருப்பது பணம். டெக்சாஸ் அரசு பல்கலைக்கழகங்களுக்குப் பணம் கொடுக்கும் சூத்திரத்தில், மாணவர்கள் பதிவுசெய்யும் கிரெடிட் மணிநேரங்கள்தான் பெரிய அளவுகோல். மூன்று கிரெடிட் வேதியியலுக்கு ஒரு மாணவருக்கு வரும் தொகை, அவர் 500 பேர் ஹாலில் உட்கார்ந்தாலும் 50 பேர் அறையில் உட்கார்ந்தாலும் ஒன்றே. செலவு ஒன்றாக இருக்காது. ஆக, பெரிய ஹாலில் மிச்சமாகும் பணம் முதல் வருட மாணவர்களின் பேரில் வந்த பணம். அதில் ஒரு பங்கையாவது அவர்களுக்கே திருப்பிச் செலவழியுங்கள் என்பது சலுகை கேட்பது ஆகாது. 2023இல் டெக்சாஸ் தன் சமுதாயக் கல்லூரிகளுக்கான சூத்திரத்தை மாற்றி, எத்தனை பேர் படித்து முடித்தார்கள் என்பதை வைத்துப் பணம் தருவதாக்கியது. பல்கலைக்கழகங்களுக்கு அப்படி மாற்றவில்லை. ஆனால் படித்து முடிப்பவர்களின் விகிதத்தை மாற்ற முடியும் என்பதற்கு ஆஸ்டினே சாட்சி. 2012இல் நான்கு வருடத்தில் பட்டம் முடித்தவர்கள் பாதிக்குச் சற்றே மேல். அதை 70 சதவீதமாக்கும் பொறுப்பை லாடிடம் கொடுத்தார்கள். தடுமாற வாய்ப்புள்ளவர்கள் என்று கணிப்பில் வந்த 500 பேரை ஒவ்வொரு வருடமும் தேர்ந்தெடுத்து, தலைமைப் பண்புத் திட்டம் என்ற பெயரில் ஆண்டுக்கு 5,000 டாலர் உதவித்தொகையோடு ஒன்றுசேர்த்தார். 2018இல் விகிதம் 70ஐத் தொட்டுவிடும் தூரத்துக்கு வந்தது. எல்லாம் இந்த ஒரு திட்டத்தால் வந்ததில்லை. பாடப் பதிவு, ஆலோசனை, ஓரியன்டேஷன் என்று பலதும் சேர்ந்து மாறின. ஆனால் ஐந்தாறு வருடத்துக்குள் இவ்வளவு பெரிய கப்பல் திரும்பியது.

இந்த மாதிரிப் பல்கலைக்கழகத்தில் பிள்ளைக்கு இடம் கிடைத்திருந்தால், ஓரியன்டேஷனுக்குப் போகும்போது சில கேள்விகளை எழுதி எடுத்துப்போங்கள். முதல் செமஸ்டர் டைம்டேபிளில் 30 பேருக்குக் குறைவான வகுப்பு எத்தனை? அதில் ஒன்றாவது மேஜரின் கடினமான பாடத்தோடு சேர்ந்ததா? ஆய்வுக் குழுவில் சேர விண்ணப்பம் எப்போது? சில திட்டங்களுக்கு ஓரியன்டேஷனுக்கு முன்பே கடைசித் தேதி முடிந்துவிடும், ஆகவே சேர்க்கைக் கடிதம் வந்த வாரமே துறையின் பக்கத்தைத் திறந்து பார்ப்பது நல்லது. கால்குலஸுக்குச் சேர்ந்து கணக்குப் போடும் பிரிவு இருக்கிறதா, அதற்குத் தனியாகப் பதிய வேண்டுமா? முதல் மிட்டெர்மில் மார்க் குறைந்தால் யாருக்குத் தகவல் போகும், அவர் பிள்ளையைக் கூப்பிட்டுப் பேசுவாரா, பிள்ளைதான் போய்த் தேட வேண்டுமா? கேட்பதைப் பிள்ளையே கேட்கட்டும். மேஜைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆலோசகருக்குப் பதில் தெரியாவிட்டால், தெரிந்தவர் யார், அவர் அறை எங்கே என்று கேட்டு, அன்றைக்கே போய்ப் பார்த்துவிட்டு வரட்டும்.